இன்னும் என்னத்துக்கு சேர் அந்த ரேடியோ?



போன கிழமை தரம் 10 வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: "எல்லாம் போன்ல வருது. இன்னும் என்னத்துக்கு சேர் அந்த ரேடியோவத் திருகிட்டு இரிக்கீங்க?"

வகுப்பே சிரித்தது. நாங்களும் சிரித்தோம். மணி அடித்துவிட்டதால் பதில் சொல்லாமல் வந்துவிட்டோம். ஆனால் கேள்வி வீடு வரை கூடவே வந்துவிட்டது. ஊரில் பலரும் எங்களிடம் இதையேதான் வேறு வேறு விதமாகக் கேட்டிருக்கிறார்கள். வீட்டிலும் கேட்டிருக்கிறார்கள். அதனால் பிள்ளைக்குச் சொல்ல வேண்டிய பதிலை இங்கேயே எழுதிவிடலாம் என்று நினைத்தோம். கொஞ்சம் நீளம்தான். பொறுமையாக வாசியுங்கள். இதில் எங்கள் பிழை ஒன்றும் இருக்கிறது. அதையும் மறைக்காமல் சொல்கிறோம்.

நாங்கள் என்றால் மூன்று பேர். அட்டாளைச்சேனை கல்வியியற் கல்லூரியில் ஒரே விடுதியில் கிடந்தவர்கள். ஒருவர் கணிதம், ஒருவர் விஞ்ஞானம், ஒருவர் தமிழ். விடுதியில் அன்டெனா முறிந்த ஒரு ரேடியோ இருந்தது. அதற்கு ஒரு செப்புக் கம்பியைக் கட்டி, மறுமுனையை ஜன்னலுக்கு வெளியே இருந்த மரத்தில் போட்டோம். அன்றிரவு சீனா வந்தது, வத்திக்கான் வந்தது, பெயர் தெரியாத ஏதோ ஒரு மொழியில் ஒருவர் பாடினார். அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

உண்மையில் அது அதற்கும் முன்னால் தொடங்கியது. எங்கள் வயதுக்காரர் எல்லோருக்கும் வாப்பாமாரின் ரேடியோ ஞாபகம் இருக்கும். எங்கள் வீட்டில் அது அலுமாரிக்கு மேலே, யார் கைக்கும் எட்டாத இடத்தில் இருந்தது. நோன்புப் பிறை பார்க்கும் இரவில் மட்டும் கீழே இறங்கி முற்றத்துக்கு வரும். முஸ்லிம் சேவையில் கொழும்பு பெரிய பள்ளிவாசலின் அறிவித்தல் வரும் வரை அக்கம்பக்கத்தவர் எல்லோரும் எங்கள் முற்றத்தில்தான். பிறை கண்டதாகச் சொன்ன அந்த நொடியில் பெண்கள் குசினிக்கும் ஆண்கள் பள்ளிக்கும் ஓடியதை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது.

மற்ற நாட்களில் அந்த ரேடியோவின் வேலை வேறு. யுத்த காலம். இரவில் வாப்பா வாசல் கதவைப் பூட்டிவிட்டு, சத்தத்தைக் குறைத்து, காதோடு வைத்துக் கேட்பார். பீபீசி தமிழோசை இந்திய நேரம் ஒன்பதே காலுக்கு. 1996இல் அரசாங்கம் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிய பிறகு எங்கள் சுவர் மணிக்கூட்டில் அது ஒன்பதே முக்கால். "பழைய நேரம் ஒம்பதேகால்" என்றுதான் 2006இல் நேரம் திரும்பி வரும் வரை வாப்பா சொல்வார். பெற்றரி இறங்கினால் அடுத்த நாள் வெயிலில் காயவைத்து இன்னும் இரண்டு இரவுக்கு ஓட்டுவார்.

அவர் ஒரு செய்தியை ஒரு தடவை கேட்டு நம்பியதில்லை. கொழும்பு சொல்வதைக் கேட்பார். தமிழோசையைக் கேட்பார். மணிலாவிலிருந்து வந்த வேரித்தாஸ் தமிழ்ப்பணியைக் கேட்பார். மூன்றும் ஒரே எண்ணிக்கையைச் சொன்ன நாள் மிகக் குறைவு. காலையில் தேத்தண்ணிக் கடையில் ஆட்கள் "என்ன நியூஸ்?" என்று கேட்டால், "இன்னும் தெளிவில்ல" என்பார். கேட்டது அவ்வளவையும் வைத்துக்கொண்டு அப்படிச் சொல்வார். அது என்ன குணம் என்று அப்போது எங்களுக்கு விளங்கவில்லை. விளங்கியபோது விலை கொடுத்திருந்தோம்.

2004 டிசம்பர் 26. ஞாயிறு, போயா நாள். நாங்கள் சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு நின்ற பிள்ளைகள். இந்தக் கரையில் இருந்தவர்களுக்கு அந்தக் காலையைப் பற்றி நாங்கள் எழுதத் தேவையில்லை. வயல் பக்கம் ஓடி ஒரு பாடசாலை விறாந்தையில் இருந்தபோது, யாரோ ஒருவர் கையில் கொண்டுவந்த சின்ன ரேடியோவில்தான் நடந்ததற்கு ஒரு பெயர் உண்டு என்று அறிந்தோம். சுனாமி. அந்தச் சொல்லையே அன்றுதான் முதன்முதல் கேட்டோம். அதுவரை உலகம் முடிகிறது என்றுதான் பலர் கலிமா சொல்லிக்கொண்டிருந்தார்கள். காலி, அம்பாந்தோட்டை, முல்லைத்தீவு என்று இடங்களின் பெயர் வரத் தொடங்கியதும் அழுகை கூடியது. ஆனாலும் எங்களுக்கு நடந்தது என்ன என்ற தெளிவு வந்தது. எத்தனையோ பேர் போனில் அழைத்துப் பார்த்தும் இணைப்புக் கிடைக்கவில்லை. அந்த நாட்களில் அம்பாந்தோட்டையிலிருந்து கொழும்புக்குச் சிற்றலையில் செய்தி கொண்டு போனவர்கள் இலங்கையின் அமெச்சூர் வானொலியாளர்கள். பொழுதுபோக்குக்காகப் பழகிய வேலையை அன்று உயிர்காக்கப் பயன்படுத்தினார்கள். இது எங்களுக்குப் பல வருடம் கழித்துத்தான் தெரிய வந்தது.

இனிப் பிள்ளையின் கேள்விக்கு வருவோம். நேர்மையாகச் சொன்னால் கேள்வியின் பாதி சரிதான்.

சிற்றலை இப்போது பாதி காலியான கடைத்தெரு. தமிழோசை வானொலி 2017 ஏப்ரலோடு நின்றது. வேரித்தாஸும் சிற்றலையை விட்டுப் போய்விட்டது. திருகோணமலையில் இருந்த ஜெர்மன் வானொலியின் அஞ்சல் நிலையத்தை அவர்கள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்திடம் கையளித்துவிட்டுப் போனார்கள். இரணவிலயில் இருந்த வொய்ஸ் ஒஃப் அமெரிக்கா நிலையமும் மூடியாயிற்று. மிச்சமிருக்கும் நிலையங்களைப் பிடிப்பதும் லேசில்லை. மலிவான எல்.ஈ.டி. பல்ப், போன் சார்ஜர், கூரையில் இருக்கும் சோலார் இன்வேர்ட்டர் எல்லாம் சேர்ந்து இரைச்சல் போடுகின்றன. சந்தேகம் என்றால் ஒரு நாள் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு, பெற்றரியில் ரேடியோவைப் போட்டுப் பாருங்கள். இரைச்சல் சட்டென்று விழும். உங்கள் வீட்டுச் சத்தம்தான் உலகத்தின் சத்தத்தை மூடியிருந்தது என்று விளங்கும்.

ஸ்கேனர் என்று இன்னொரு கருவி இருக்கிறது. அது ஒரு நிலையத்தில் நிற்காது. நூற்றுக்கணக்கான அலைவரிசைகளை நொடிக்கு நொடி தாவித் தாவிப் பார்க்கும். எங்காவது சிக்னல் கிடைத்தால் நின்றுவிடும். விமானி, கப்பல், படகு, பொலிஸ், தீயணைப்பு என்று இரு முனையிலும் ஆட்கள் பேசிக்கொள்ளும் வானொலி அது. இந்தப் பொழுதுபோக்கு அமெரிக்காவில்தான் பெரிதாக வளர்ந்தது. பத்திரிகைக்காரர்கூட மேசையில் ஸ்கேனர் வைத்திருந்தார்கள். அங்கும் இப்போது பொலிஸ் பேச்சு டிஜிட்டலாகி, பூட்டுப் போட்டு மறைக்கப்படுகிறது. நியூயோர்க் பொலிஸ் 2023இல் பூட்டத் தொடங்கியது. ஆகவே "ஸ்கேனர் காலம் முடிந்துவிட்டது" என்று அந்த நாட்டு ஆட்களே சொல்கிறார்கள்.

எங்களிடம் ஒரு ஸ்கேனர் இருந்தது. கட்டாரில் வேலை செய்த மச்சான் ஒருவர் கொண்டுவந்து தந்தார். இந்த நாட்டில் அப்படியான கருவிகளுக்கு அனுமதி கேட்க வேண்டும் என்று அப்போது நாங்கள் யோசிக்கவே இல்லை. அது முதல் பிழை. சொல்லி வைக்கிறோம்.

அது வந்த புதிதில் மொட்டை மாடியில்தான் எங்கள் இரவுகள். பத்துக் கிலோமீற்றர் உயரத்தில் போகும் விமானத்தின் குரல் நானூறு கிலோமீற்றருக்கு அப்பாலிருந்தும் வரும். ஆனால் அந்த விமானியோடு பேசும் தரை நிலையம் கேட்காது. அது அடிவானத்துக்குக் கீழே. ஒரு பக்கப் பேச்சை வைத்து மறுபக்கம் என்ன சொல்லியிருக்கும் என்று ஊகிப்பது எங்களுக்கு விளையாட்டு. கடலும் அப்படித்தான். வீட்டு மாடி பத்து மீற்றர், படகின் அன்டெனா நாலு மீற்றர் என்றால், ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் வரை கேட்கலாம். பூமி உருண்டை என்பதை நாங்கள் புத்தகத்தில் படித்தோம். காதால் கேட்டது அந்த மாடியில்தான்.

ஒரு மாரி காலம். மஃரிப் தொழுதுவிட்டு மாடிக்கு ஏறினோம். காற்று நல்ல பலம். ஸ்கேனர் தாவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நின்றது. எங்கள் ஊர்ப் பேச்சு. குரலே யாரென்று சொல்லிவிட்டது. படகின் பெயரும் விழுந்தது. இரைச்சலுக்கு நடுவே துண்டு துண்டாக வந்தது: "எஞ்சின்... நிப்பாட்டிட்டம்... தண்ணி ஏறுது..." பிறகு ஒன்றும் இல்லை.

ஐந்து நிமிடம் காத்திருந்தோம். பத்து நிமிடம். குரல் திரும்பி வரவில்லை.

எங்களில் ஒருவர் கீழே இறங்கினார். யார் என்று இப்போது சொல்லப்போவதில்லை. அவர் போனபோது மற்ற இருவரும் தடுக்கவும் இல்லை, எங்கே போகிறீர் என்று கேட்கவும் இல்லை. சந்தித் தேத்தண்ணிக் கடையில் நின்ற நாலு பேரிடம் அவர் சொன்னது ஒரே வசனம்: "இன்னாருட போட்டுக்குள்ள தண்ணி ஏறுதாம்." உதவி வரும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

அந்த வசனம் கடையிலிருந்து பள்ளிவாசல் வரை போவதற்குள் படகு கவிழ்ந்துவிட்டது. பள்ளிவாசலிலிருந்து கடற்கரைத் தெரு வரை போவதற்குள் இரண்டு பேர் மௌத்து. இஷாவுக்கு முன்னால், அந்தப் படகில் போன ஒரு தம்பியின் உம்மா வீட்டு வாசலில் நின்றவர், ஓடிவந்த ஒரு பையன் சொன்னதைக் கேட்டு, படியிலேயே விழுந்தார். சீனி வருத்தக்காரி. இடுப்பு எலும்பு முறிந்தது.

சுபஹுக்கு முன்னால் படகு வந்தது. இன்னொரு படகு கட்டி இழுத்துவந்து கரைக்குச் சேர்த்தது. நாலு பேரும் நலம். எஞ்சினைக் குளிராக்கும் தண்ணீரை மேலே எடுக்கும் பம்ப் பழுதாகியிருந்தது. எஞ்சின் சூடேறிவிடும் என்று நிறுத்தியிருக்கிறார்கள். அவர்கள் வானொலியில் சொன்னது "தண்ணி ஏறுதில்ல" என்பது. கடைசியில் வந்த "இல்ல"வை இரைச்சல் விழுங்கிவிட்டது.

ஒரு "இல்ல". எங்களில் ஒருவர் தமிழ் ஆசிரியர் வேறு. எதிர்மறை விகுதி ஒன்றை விட்டால் வசனத்தின் பொருள் தலைகீழாகும் என்று வருடம் வருடமாகக் கரும்பலகையில் எழுதிப் போட்டவர்.

மூன்று நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். போகாமல் இருக்க ஆயிரம் காரணம் தேடினோம். அந்த மகன் எங்களைக் கண்டதும் எழுந்து வெளியே போய்விட்டார். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. உம்மா படுக்கையில் கிடந்தபடியே பார்த்தார். நாங்கள் மாப்புக் கேட்டோம். அவர் ஏசவில்லை. "நீங்க கேட்டது பிழையில்ல மகன். ஊருக்குச் சொன்னீங்களே, எனக்கிட்ட வந்து சொல்லல்லியே" என்றார்.

திரும்பி வரும் வழியில் மோட்டார் சைக்கிளில் யாரும் பேசவில்லை. வாப்பாவின் "இன்னும் தெளிவில்ல" அன்றுதான் எங்களுக்கு விளங்கியது. மூன்று நிலையத்தைக் கேட்ட மனிதர் வாயைத் திறக்கவில்லை. ஒன்றைப் பாதி கேட்ட நாங்கள் ஊரையே ஓடவைத்தோம்.

அதற்குப் பிறகு மூவரும் உட்கார்ந்து பேசினோம். இந்தப் பொழுதுபோக்கை விட்டுவிடுவதா? முதலில் மார்க்கத்தின் பக்கம் பார்த்தோம். பிறரைத் துருவிப் பார்ப்பது சூரா ஹுஜுராத்தில் தடுக்கப்பட்ட விடயம். தங்கள் பேச்சைப் பிறர் கேட்பதை விரும்பாதவர்களின் பேச்சை ஒட்டுக்கேட்பவருக்கு ஹதீஸில் கடுமையான எச்சரிக்கை உண்டு. கேட்டதையெல்லாம் சொல்லித் திரிவது பற்றியும் எச்சரிக்கை உண்டு. நாங்கள் இரண்டு கதவையும் திறந்திருந்தோம். நமக்குத் தெரிந்த ஒரு மௌலவியிடம் போய் நடந்ததை அப்படியே சொல்லிக் கேட்டோம். அவர் எங்களைத் திருப்பிக் கேட்டார்: எல்லோருக்குமாகப் பேசும் பேச்சும் தமக்குள் பேசும் பேச்சும் ஒன்றா? அந்தக் கேள்வியிலிருந்துதான் எங்கள் ஒழுங்கு உருவானது.

ஒன்று, ஊருக்கு உலகத்துக்கு என்று ஒலிபரப்புவதைக் கேட்போம். செய்தி, காலநிலை, பாட்டு, பயான், வேற்று நாட்டு நிலையம் எல்லாம் அதில் அடங்கும். இருவர் தமக்குள் பேசும் பேச்சு தற்செயலாக விழுந்தால் திருகிவிட்டுப் போவோம்.

இரண்டு, கேட்டது மாடியை விட்டு இறங்காது. நல்ல கதையாக இருந்தாலும் இறங்காது.

மூன்று, உயிர் ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் சொல்வோம். அதையும் ஏதாவது செய்யக்கூடியவரிடம் மட்டும் சொல்வோம். படகுச் சொந்தக்காரர், மீனவர் சங்கத் தலைவர், கடற்படை. சொல்லும்போது "இவ்வளவுதான் கேட்டது, மிச்சம் கேட்கவில்லை" என்று சேர்த்துச் சொல்வோம்.

2019 ஏப்ரல் வந்தது. அந்தக் கிழமைகளில் இந்தக் கரையில் இருந்த வீடுகளில் என்னென்ன கழற்றப்பட்டது, என்னென்ன எரிக்கப்பட்டது, என்னென்ன கிணற்றில் போடப்பட்டது என்று உங்களுக்கே தெரியும். மாடியில் வயர் கட்டிய மூன்று முஸ்லிம் ஆசிரியர்கள் இரவில் ஏதோ பெட்டியைக் காதில் வைத்திருக்கிறார்கள் என்றால் யாருக்கும் எப்படித் தோன்றும்? எங்களை யாரும் வந்து கேட்கவில்லை. நாங்களே பயந்து அன்டெனாவைக் கழற்றினோம். கம்பியைச் சுருட்டும்போது ஒருவருக்குக் கை நடுங்கியது. மச்சான் லீவில் வந்தபோது ஸ்கேனரை அவரிடமே கொடுத்துவிட்டோம். வாப்பாவின் பழைய ரேடியோ மட்டும் மிஞ்சியது. அதையும் பல மாதம் போடவில்லை.

மீண்டும் போட்டது 2022இல். மார்ச் மாதக் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை கரண்ட் வெட்டினார்கள். போன் சார்ஜ் இல்லை. கரண்ட் நீளமாகப் போகும்போது எங்கள் பக்கம் கோபுரத்தின் பெற்றரியும் இறங்கி சிக்னலும் போய்விடும். பிள்ளைகள் இருட்டில் சலித்துப்போய் இருந்தார்கள். ரேடியோவை இறக்கி, தூசி தட்டி, பெற்றரி போட்டோம். சிற்றலைப் பக்கம் திருப்பியதும் வாயடைத்துப் போனோம். ஊர் முழுக்க ஒரு பல்ப்பும் இல்லை, ஒரு சார்ஜரும் இல்லை. அந்த இருட்டில் இரைச்சலே இல்லை. சின்ன வயதில் கேட்டது போல நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. சீன வானொலியின் தமிழ் வந்தது. அரபு வந்தது. மகள் மடியில் இருந்துகொண்டு, "இது யாரு வாப்பா? நமக்கு எங்க இருந்து பேசுறாங்க?" என்று கேட்டாள். எங்கள் வீட்டில் மூன்றாவது தலைமுறையாக ரேடியோ கீழே இறங்கியது அன்றுதான்.

அந்த நாட்களில் இன்னொரு பழக்கமும் வந்தது. அது எங்கள் யோசனை அல்ல. அந்த உம்மாவின் யோசனை. இப்போது அவர் கைத்தடியோடு நடக்கிறார். ஒரு நாள் ஆளனுப்பி எங்களைக் கூப்பிட்டார். மகன் மறுபடியும் கடலுக்குப் போகிறார், வீட்டில் கரண்டும் இல்லை, போனும் இல்லை. "காத்து எப்படி எண்டு ரேடியோவுல சொல்லுவாங்கதானே. கேட்டு வந்து எனக்கிட்டச் சொல்லுங்க மகன்" என்றார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எங்களை நம்பி ஒரு செய்தியைக் கேட்க இந்த ஊரில் ஆள் இருந்தால், அது அவராக இருக்கும் என்று நாங்கள் கனவிலும் நினைக்கவில்லை.

அன்றிலிருந்து வளிமண்டலவியல் திணைக்களத்தின் கடல் அறிக்கையைக் கொப்பியில் எழுதுகிறோம். திருகோணமலையிலிருந்து மட்டக்களப்பு ஊடாகப் பொத்துவில் வரையான கடற்பரப்பு, காற்று எந்தத் திசை, மணிக்கு எத்தனை கிலோமீற்றர், கடல் எப்படி இருக்கும். கேட்டதைக் கேட்டபடியே எழுதுவோம். விளங்காத இடத்தில் கோடு போட்டு விடுவோம். ஊகித்து நிரப்ப மாட்டோம். கரண்ட் வந்தது, போன் வந்தது, எல்லாம் பழையபடி ஆனது. இப்போது அறிக்கை யாருடைய போனிலும் இருக்கிறது. ஆனாலும் மாரி காலத்தில் அந்த உம்மாவுக்கு நாங்கள் போய்ச் சொன்னால்தான் திருப்தி. அவர் மகனும் இப்போது எங்களோடு கதைக்கிறார். முன்பு போல இல்லை. கதைக்கிறார், அது போதும்.

போன வருடம் இதைப் பாடசாலைக்குள்ளும் கொண்டுபோனோம். இந்தத் தடவை ஒழுங்காகச் செய்தோம். அதிபரிடம் எழுத்தில் அனுமதி எடுத்து, உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் ஒருவரைக் கருவியோடு அழைத்தோம். சர்வதேச விண்வெளி நிலையம் சில நாட்களில் 145.800 மெகாஹேர்ட்ஸில் படம் அனுப்பும். படத்தை ஒலியாக மாற்றி அனுப்புவார்கள். கீழே அந்த ஒலியை மறுபடியும் படமாக்க வேண்டும். அதற்கு இலவசச் செயலி போனிலேயே இருக்கிறது.

நிலையம் நானூறு கிலோமீற்றர் உயரத்தில், மணிக்கு இருபத்தெட்டாயிரம் கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. எங்கள் தலைக்கு மேல் இருப்பது பத்து நிமிடம்தான். விளையாட்டு மைதானத்தில் அறுபது பிள்ளைகள். முதலில் இரைச்சல். பிறகு கிறீச்சென்று ஒரு சத்தம். போன் திரையில் மேலிருந்து கீழே, வரி வரியாக ஒரு படம் இறங்கத் தொடங்கியது. ஒரு படத்துக்கு இரண்டு நிமிடம். அறுபது பிள்ளைகள் இரண்டு நிமிடம் மூச்சுக் காட்டாமல் நின்றதை எங்கள் ஆசிரியத் தொழிலில் வேறெங்கும் கண்டதில்லை. படத்தின் நடுவில் நாலைந்து வரி இரைச்சலில் அழிந்து போயிருந்தது. ஒரு பிள்ளை கேட்டாள்: "அந்த இடத்துல என்ன சேர் இருந்திரிக்கும்?"

"தெரியாது மகள்" என்றோம். "வந்தது இவ்வளவுதான். மிச்சத்தை நாம கீறி நிரப்பக் கூடாது." பிள்ளைகளுக்கு அது விஞ்ஞானப் பாடம். எங்கள் மூவருக்கும் தொண்டை அடைத்தது ஏன் என்று அவர்களுக்குத் தெரியாது.

ஆகவே தம்பி, உன் கேள்விக்குப் பதில் இதுதான்.

செய்தியை முந்திப் பிடிக்க வேண்டும் என்றால் ரேடியோ வேண்டாம், போனே போதும். பிறர் ரகசியம் கேட்கத்தான் என்றால் அது அன்றும் பிழை, இன்றும் பிழை. கொஞ்சம் கொஞ்சமாகப் பூட்டும் போட்டுவிட்டார்கள், நல்லது. ஆனால் இரைச்சலுக்கு நடுவே ஒரு குரலைப் பொறுமையாகத் தேடவும், தேடிப் பிடித்ததைத் திரும்பக் கேட்டு உறுதி செய்யவும், கேட்காமல் போனதைக் கேட்கவில்லை என்று ஒப்புக்கொள்ளவும் பழக வேண்டும் என்றால், எங்களுக்குத் தெரிந்து இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை. உன் போனில் நாளுக்கு எத்தனை "உடனே பகிருங்கள்" வருகிறது என்று எண்ணிப் பார். அதில் எத்தனை "இல்ல" விழுங்கப்பட்டிருக்கும் என்று எங்களால் சொல்ல முடியாது. ஒரு "இல்ல" என்ன செய்யும் என்று மட்டும் சொல்ல முடியும்.

கரண்டும் கோபுரமும் போகும் நாள் இன்னொன்று வராது என்று இந்தக் கரையில் யாரும் சத்தியம் பண்ண மாட்டார்கள். 1978 சூறாவளியைக் கண்டவர்கள் நம்மிடையே இன்னும் இருக்கிறார்கள். அப்படி ஒரு நாளில் தெருவுக்கு ஒரு ரேடியோவும், அதைக் கேட்டுக் கேட்டபடி சொல்லத் தெரிந்த ஓர் ஆளும் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலுமாரி மேலே, பரணில், கடைக் களஞ்சியத்தில் வாப்பா, மூத்தாப்பா காலத்து ரேடியோ ஏதாவது கிடந்தால் பழைய இரும்புக்காரனுக்குப் போட்டுவிடாதீர்கள். வரும் சனிக்கிழமை அஸருக்குப் பிறகு பாடசாலை விஞ்ஞான கூடத்துக்குக் கொண்டுவாருங்கள். பழுது பார்க்கத் தெரிந்த ஒரு காக்கா வர ஒப்புக்கொண்டிருக்கிறார். வயர், பெற்றரி எங்கள் செலவு. ஸ்கேனர், வோக்கி-டோக்கி போன்றவை வாங்க யோசிப்பவர்கள் முதலில் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். எங்களைப் போல வாங்கிவிட்டுப் பயப்படாதீர்கள்.

பிறை இரவில் உங்கள் வீட்டில் ரேடியோ எங்கே இருந்தது, யார் கையில் இருந்தது என்று கீழே எழுதுங்கள். வாசிக்க ஆசையாக இருக்கிறது.

அந்த உம்மாவின் சுகத்துக்காகவும், இன்று கடலில் நிற்கும் எல்லோருக்காகவும் துஆ செய்துகொள்ளுங்கள்.